காலியான இடம்

சர்வதேசப் பள்ளியின் வரவேற்பறையில் கணக்கு வாத்தியார் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். எதிர் சோபாவில் மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்ததுதான் காரணம்.

அன்று காலைதான், தன் பள்ளியில் கூடிய பெற்றோர்கள் முன்னால் வாத்தியார் முழங்கியிருந்தார். "வெளிநாட்டுப் பாடத்திட்டத்துல படிச்சா, உள்ளூர்க் காலேஜ்ல சேர மார்க்கை மாத்திக் கணக்குப் போட்டு அலையணும். நம்ம சர்டிபிகேட்டை நீட்டினா போதும், நேரா உள்ள போகலாம்!"

பேசச் சொன்னவர் தலைமையாசிரியர். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர், மகனை சர்வதேசப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டுக் குழம்பிக்கொண்டிருந்த இந்த மருந்துக்கடைக்காரர்.

வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. "ஊருக்கு உபதேசம் பண்ணுங்க. நம்ம பொண்ணு மனப்பாடம் பண்ணிப் பண்ணியே பேச மறந்துட்டா. பதினொண்ணாவது அங்கதான். இடம் வாங்காம வராதீங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். பல்வலி என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு வாத்தியார் இங்கே வந்திருந்தார்.

"வாத்தியார் சார்! செருப்பைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டேன். நீங்க எங்க இங்க?"

"நானா? ஒரு வேலைக்காக..."

இது வரவேற்பாளப் பெண்ணின் காதில் விழுந்தது. "கணக்கு டீச்சர் வேலைக்கா? முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?" என்று அவரைக் கையோடு அழைத்துப்போய் முதல்வர் அம்மாள் முன்னால் உட்காரவைத்தாள். கதவு திறந்தே இருந்தது. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பாடத்திட்டத்துல எது சார் உசத்தி?" என்றார் முதல்வர்.

"ரெண்டுமே ரெண்டு கண்ணு மாதிரி மேடம்."

"எங்க படிப்பு மேல நம்பிக்கை இல்லாதவருக்கு இங்க என்ன வேலை?"

மகளுக்கு இடம் தரவேண்டிய மனுஷி. வாத்தியார் பதறினார். "உங்களுதுதான் மேடம் உசத்தி! நாங்க பதிலைச் சொல்லித் தர்றோம். நீங்க யோசிக்கச் சொல்லித் தர்றீங்க."

மருந்துக்கடைக்காரர் உள்ளே பாய்ந்தார். "காலையில வேற சொன்னீங்களே! அதை நம்பித்தானே என் பையன் சேர்க்கையை இப்ப ஆபீஸ்ல ரத்து பண்ணிட்டு வந்து உட்கார்ந்தேன்!"

அவரை ஓரங்கட்டி வாத்தியார் கிசுகிசுத்தார். "காலையில சொன்னதுதான் நிஜம். இது சும்மா வேலைக்காக."

"அப்ப சரி!" அவர் நிம்மதியாகக் கிளம்பிப் போய்விட்டார்.

வாத்தியார் கிசுகிசுத்தாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும். முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சும்மா சொன்னீங்களா?"

இனி மறைத்து என்ன பயன்? "மன்னிச்சிடுங்க மேடம். எனக்கு வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் பொண்ணுக்குப் பதினொண்ணாவதுல இடம் வேணும். நிறைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, இப்பப் போனாரே, அவர் பையன் இடம் காலிதானே?"

முதல்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரவேற்பாளப் பெண்தான் பாவப்பட்டுச் சொன்னாள்:

"அந்த இடம் போயிடுச்சே சார். உங்க ஹெட்மாஸ்டர் நேத்தே வந்து, 'நாளைக்கு எங்க கணக்கு வாத்தியாரைப் பேசவிடறேன், எப்படியும் இங்க ஒரு இடம் காலியாகும், அதை என் பொண்ணுக்கு எடுத்து வைங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு!"