மூடிய வலது கை

ஐஸ் பெட்டியில் கிடத்திய பிறகுதான் அப்பாவின் வலது கையைப் பிள்ளைகள் கவனித்தார்கள். விரல்கள் இறுக மூடி, யாரையோ குத்தப் போவதுபோல் இருந்தது.

இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்து, நடுவில் வேதாகமம் வைத்துத்தான் அடக்கம் செய்வார்கள். மகன் எலியாஸ் விரலைப் பிரித்துப் பார்த்தான். அசையவில்லை.

"யார் மேல கோவமோ, பாவம்," என்றார் பெங்களூரிலிருந்து வந்திருந்த மார்கரெட் அத்தை.

எலியாஸுக்குச் சுருக்கென்றது. அவன் இருக்கும் பெரம்பூரிலிருந்து அப்பாவின் திருத்தணிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஒரு வருஷமாக அவனுக்கு அந்த ரயில் கிடைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் அப்பாதான் போன் செய்வார். "நல்லா இருக்கேன்பா" என்பார். அக்கா ஹெப்சியும் போனில் மட்டும்தான் மகள்.

ஹெப்சியின் கணவர் ஜெரால்ட் உயிரியல் ஆசிரியர். துக்க வீடு என்றும் பாராமல் பாடத்தைத் தொடங்கினார்.

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான். தசைக்குள்ள தடிச்ச இழை, மெல்லிசு இழைன்னு ரெண்டு இருக்குது. தடிச்சதுல சின்னச் சின்னத் தலை. அது மெல்லிசைப் புடிச்சு இழுத்தா தசை சுருங்கும். புடிச்சதை விடறதுக்குத்தான் சக்தி வேணும். உசுரு போனப்புறம் சக்திக்கு எங்க போறது? புடிச்சபடியே நிக்கும். தசை மெல்லச் சிதைய ஆரம்பிச்சா தானா இளகும். நாளைக்குப் பாரு."

எலியாஸுக்குப் போன உயிர் வந்தது. நாலு மணி அடக்கத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தான்.

"அந்தக் கை அப்படியே இருக்கட்டுமேங்க," என்றார் போதகர். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுவந்த எல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். "தம்பி, அந்தக் கை..."

"ஆங், அப்புறம் பாக்கலாம். காபி கொண்டாங்க, ஜனம் வந்துகினே இருக்குது," என்று ஹெப்சி அவளை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையிலும் கை இளகவில்லை.

"இந்தக் குளிர்ல எப்படி இளகும்?" என்று ஜெரால்ட் ஐஸ் பெட்டியை நிறுத்தினார். தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. அத்தை வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டார். வெந்நீர் ஒத்தடம் வந்தது. அத்தையின் காலுக்கு இல்லை, அப்பாவின் கைக்கு.

மத்தியானம் கழுத்து இளகியது. முழங்கால் இளகியது. இடது கை சொன்னபடி கேட்டு மார்பில் வந்து படுத்தது. ஜெரால்ட் பெருமையோடு வலது கையைத் தொட்டார். அது மட்டும் அப்படியே இருந்தது.

"புத்தகத்துல இப்படிப் போடலையே," என்றார்.

எலியாஸ் தாங்க முடியாமல் உடைந்து அழுதான். "என் மேலதான் கோவம். மன்னிச்சிடு நைனா!"

எல்லம்மாள் காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"கோவமா? வாதம் வந்து ஒரு வருஷமா அந்தக் கை அப்படித்தான் மூடிகினு இருக்குது, ஊருக்கே தெரியும் தம்பி. இடது கையாலதான் உங்களுக்குப் போன் போடுவாரு."