மீசைத் தொரைக்கு முழுப்பேரு

செத்தவர்களைப் பார்த்து "ஏன்யா வேலைக்கு நேரத்துக்கு வரல?" என்று ஏசிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார்.

தெரணியகலையில் பஸ் ஏறி, ரப்பர் மரம் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இறங்கினால் எங்கள் தோட்டம். வெள்ளைக்காரத் தொரைமார் காடழித்துத் தோட்டம் போட்ட காலத்துக் கருங்கல் தேவாலயம் ஒன்று மேட்டில் நிற்கிறது. போதகர் யேசு பிறந்த நத்தாருக்கு ஒரு தரம் வருவார். மற்ற நாளெல்லாம் வௌவால்தான். பக்கத்தில் தொரைமார் கல்லறை. அதற்குக் காவல்காரர் நெற்றி நிறைய விபூதியும் இடுப்பில் தேவாலயச் சாவியுமாகப் பின்னறையில் குடியிருந்தார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் சொன்னதில்லை. பெரட்டுக்காரர் என்றால்தான் தெரியும்.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. நேரத்துக்கு வந்தால் முழுப்பேரு. பிந்தினால் அரைப்பேரு, அதாவது அரைநாள் சம்பளம்தான். மூத்தவன் வயிற்றில் இருக்கும்போது எனக்கு ஒருநாள் அரைப்பேரு போட்டார்கள். அந்தக் கங்காணியின் மூக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அது வேறு கதை.

நம் பெரட்டுக்காரர் அதே பெரட்டைத் தொரைமாருக்குப் போட்டார். காலை ஆறு மணிக்குக் கையில் தடியோடு குழி குழியாக நடப்பார். கூப்பிடுவது பழைய ஆட்கள் வைத்த பட்டப்பெயரை, காய்ச்சலில் செத்த தொரைசாணி என்றால் காச்சத் தொரசாணி.

"மீசத் தொரை! இருக்காரு. முழுப்பேரு. காச்சத் தொரசாணி! இருக்காங்க. குதிரத் தொரை! என்னய்யா இது, தலைக்கு மேல புல்லு? அரப்பேரு. போ!"

நான் அவருக்குச் சாயத்தண்ணி, பாலில்லாத தேத்தண்ணி, கொண்டுபோவேன். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, புல்லு புடுங்கறது ஒங்க வேலதானே?"

"அதான் தங்கச்சி, எனக்கும் அரப்பேரு போட்டுக்கிட்டேன்."

மீசைத் தொரையின் நாய்க்கும் அங்கே குழி உண்டு. மனுஷனுக்கு வைக்கிற அளவில் கல்லும் உண்டு. நாய்க்கு எப்போதும் முழுப்பேரு. காட்டை வெட்டின எங்கள் ஆட்கள் எதிரே தேயிலைக்கு அடியில் கிடக்கிறார்கள். அவர்களுக்குக் கல் கிடையாது. கடைசியில் அந்தப் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவார்: "அந்தாண்ட இருக்கிற ஆளுக எல்லாத்துக்கும் முழுப்பேரு! வேல இல்ல, படுங்க!"

ஒரு மழைக்கு மண் சரிந்து இரண்டு கல் பள்ளத்துக்கு உருண்டது. ஒன்று மீசைத் தொரையுடையது, மற்றது நாயுடையது. இரண்டும் ஒரே அளவு. அவரும் நானும்தான் கடப்பாரை போட்டு மேலே ஏற்றினோம். இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எழுத்து இருக்கிற பக்கத்தை முன்னால் வைக்க வேண்டும் என்பது வரைக்கும் இரண்டு பேரும் கண்டுபிடித்தோம்.

"எதுண்ணே யாருது?"

"கல்லு மாறினா மாறட்டும். ஆளு எங்கன்னு எனக்குத் தெரியும்ல."

அடுத்த மாதம் தோட்டத்து மேனேஜர் ஐயா வந்தார். இப்போதிருப்பவர் சிங்களப் பையன், தமிழும் பேசுவார். "லண்டன்ல இருந்து ஒரு நோனா, வெள்ளக்காரம்மா, வாறாங்க. அவங்க பாட்டனுக்கு அப்பா இங்கதான் இருக்காராம். ஒரு கொற சொன்னாங்கன்னா சாவியக் குடுத்திட்டு மகள் வீட்டுக்குப் போகணும். ஹரித, சரிதானே?"

மகள் நிவித்திகலயில் இருக்கிறாள். நல்ல பிள்ளை. ஆனால் பெரட்டுக்காரர் இரண்டு நாள் சாயத்தண்ணியைத் தொடவில்லை.

"மக வீட்ல டிவி இருக்கு, ஃபேன் இருக்கு. பெரட்டுப் போட யாரு இருக்கா, சொல்லு?"

நோனா வந்தார். கையில் ஒரு பழைய படம், பெரிய மீசை. எங்கள் மீசைத் தொரையேதான். கல்லைப் படித்தார், முட்டி போட்டார், பூவை வைத்தார், அழத் தொடங்கினார். மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பெரட்டுக்காரர் மட்டும் நெளிந்தார். "தங்கச்சி, அது நாய்க்குழி."

"வாய மூடுங்கண்ணே. சாவி போயிரும்."

"ஒருத்தன் பேர இன்னொருத்தனுக்குப் போட்டா அது பெரட்டா?"

நான் அவர் கையைக் கிள்ளினேன். அவர் முன்னால் போய்விட்டார். "ஐயா, நோனாகிட்ட சொல்லுங்க. அவங்க ஆளு இங்க இல்ல, நாலு அடி தள்ளி இருக்காரு. இது அவரு நாயி. கல்ல மாத்தி வச்சது நான்தான்."

"மொகத?" மேனேஜருக்குச் சிங்களம்தான் முதலில் வந்தது. பிறகு வேர்த்தபடி இங்கிலீசில் சொன்னார். இந்தக் காவல்காரரை அனுப்பிவிடுவதாகவும் சேர்த்துச் சொன்னாராம்.

நோனா எழுந்தார். நாலு அடி தள்ளிப் போய் அங்கிருந்த கல்லைப் படித்தார். அதில் நாயின் பெயர். பிறகு ஏதோ சொன்னார், மேனேஜர் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார்: "அந்தத் தொரை பொண்டாட்டியவிட நாயத்தான் கூட நேசிச்சாராம். கல்லு மாறினதுக்குத் தொரைக்கும் நாய்க்கும் கோவம் இருக்காதாம்."

பூவைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு குழியிலும் வைத்தார். போகும்போது மேனேஜரிடம் ஒன்றுதான் கேட்டாராம்: கல்லில்லாமலே ஆள் அடையாளம் தெரிந்தவர் இவர் ஒருவர்தான், இவரை எதற்கு அனுப்புகிறீர்கள்?

சாவி இடுப்பிலேயே இருந்தது. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முழுப்பேரு, குதிரைத் தொரைக்கும். அவரைக் கிள்ளினதற்காக எனக்கு மட்டும் அரைப்பேரு.

போன வருஷம் அவரும் எதிர்த் தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். சாவி இப்போது என் முந்தானையில் இருக்கிறது. பெரட்டும் நான்தான். தேயிலைப் பக்கம் திரும்பும்போது அவரை மட்டும் தனியாகக் கூப்பிடுவேன். போன மாதம் முழங்கால் வலியில் இரண்டு வாரம் ஏறவில்லை. போய்ப் பார்த்தால் அவர் தலைக்கு மேல் புல். அவர் சட்டப்படி இரண்டு பேருக்கும் அரைப்பேரு.

எனக்கு அரைப்பேரு போட்டேன். அவருக்கு முழுப்பேரு.