போகாத ஃபியூஸ்

கரண்ட் கம்பம் நட்டதும் சந்தையும் கூடத் தொடங்கிவிட்ட ஒரு காட்டில், பூவாத்தா என்ற முள்ளம்பன்றி பின்பால் மெஷின் வைத்துப் பிழைத்து வந்தாள். கண்ணாடிக்குக் கீழே இரும்புக் குண்டு ஓடும். பொத்தானை அமுக்கினால் இரண்டு துடுப்புகள் அதைத் தட்டிவிடும். மணி அடிக்கும், விளக்கு மின்னும். குரங்குகள் முண்டியடித்துக்கொண்டு நிற்கும்.

அன்று காலையிலிருந்து இடது துடுப்பைத் தொட்டாலே டப். மெஷின் இருண்டுவிடும். மூன்று ஃபியூஸ் மாற்றினாள், மூன்றும் போயின. நான்கு மணிக்குச் சந்தை அதிகாரி யானை சோதனைக்கு வருகிறார். எந்தக் கடையில் ஃபியூஸ் போயிருக்கிறதோ, அந்தக் கடைக்கு இனிச் சந்தையில் இடமில்லை என்று உத்தரவு.

பக்கத்துக் கடையில் ரேடியோ ரிப்பேர் செய்யும் மரங்கொத்தியைக் கூப்பிட்டாள்.

"மாசானம், கொஞ்சம் வந்து பாருப்பா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

மாசானம் இடது துடுப்பின் வயரைக் கழற்றிவிட்டு, கடைசி ஃபியூஸைப் போட்டான். ஃபியூஸ் போகாமல் நின்றது. வயரை மாட்டினான். டப்.

"ஃபியூஸ் மேல குத்தமில்லக்கா. துடுப்பை இழுக்குற காந்தச் சுருள் வெந்துபோச்சு. புதுசு வர ரெண்டு நாளாகும். அதிகாரிகிட்ட உள்ளதைச் சொல்லுங்க."

"சொன்னா இடம் போயிடுமே! நான் ஃபியூஸுக்குப் பதிலா கம்பியைச் சுத்திடறேன். எங்க வீட்ல ஆரம்பத்துலேர்ந்தே கம்பிதான்."

"ஃபியூஸ் போகாதுதான். மத்ததெல்லாம் போயிடும்."

"உன் வாயைக் கழுவு!"

அவன் போனதும், பழைய வயரைச் சீவி, செப்பு இழைகளை விரல் தடிமனுக்கு முறுக்கி ஃபியூஸ் இடத்தில் திணித்தாள். மெஷின் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. குரங்கு ஒன்று இடது துடுப்பை விடாமல் அடித்தது.

முதலில் புகை வந்தது. பிறகு தீ. மெஷின், கூரை, பூவாத்தாவின் முதுகு முள்ளில் பாதி, எல்லாம் எரிந்தன. பக்கத்திலேயே ஓடிய மாசானத்தின் கடை வயர்கள் அந்தச் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ள, அவன் கடையில் ஃபியூஸ் டப்பென்று போனது. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரியாக நான்கு மணிக்கு யானை வந்தார். சாம்பலைத் துதிக்கையால் கிளறி ஃபியூஸ் பெட்டியை எடுத்தார். செப்புக் கம்பி அப்படியே இருந்தது. படிவத்தில் 'போகவில்லை' என்று எழுதினார்.

"ஐயா, மெஷினே போச்சுங்களே!" என்று அழுதாள் பூவாத்தா.

"அதை எழுத இதுல கட்டம் இல்லம்மா. இடம் உனக்குத்தான்."

அடுத்து மாசானத்தின் கடை.

"போயிருக்கே!"

"அது போனதாலதாங்க ஐயா கடை தப்பிச்சது."

"ரொம்ப சந்தோஷம். காலி பண்ணு."

நீதி: கடை எரிந்தால் எரியட்டும், அதிகாரி எதைப் பார்ப்பாரோ, அதை மட்டும் தீயிலிருந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.