கீழ்க்கண்ட நாளில் வரவும்

மனித குலம் எழுதக் கற்ற நாளிலிருந்து இன்றுவரை எழுதப்பட்ட கடிதங்களிலேயே மிகவும் மரியாதையான கடிதம், பொதுக் கண் மருத்துவமனையின் நிர்வாகக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு எதிர் அறையில் உருவானது. அதைப் பெறும் பாக்கியம் நானூறு நோயாளிகளுக்குக் கிடைத்தது. அதில் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. எந்த நாளில் ஆபரேஷனுக்கு வர வேண்டும் என்ற அற்ப விவரம் ஒன்றுதான் இல்லை.

இந்தச் சாதனையைத் தன் கையாலேயே செய்து முடித்தவர் 'அரைப்புள்ளி'. மருத்துவமனையின் ஒரே புரோகிராமர். பிஹெச்பி என்ற கணினி மொழியில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்க மறந்து, ஒரு திங்கட்கிழமை முழுவதும் டோக்கன் கவுன்டரைப் படுக்க வைத்ததற்காகச் சக ஊழியர்கள் சூட்டிய பட்டம் அது. ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியர். அவருடைய பணி நிரந்தர ஆணை தட்டச்சாகி, இயக்குநரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. இயக்குநர் நல்ல மனநிலையில் இருக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த மருத்துவமனையில் கடிதம் பிறக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கடிதத்துக்கு மூன்று டெம்ப்ளேட், அதாவது முன்கூட்டியே எழுதி வைத்த படிவம், ஒன்றுக்குள் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது இயக்குநருடையது: அவர் படம், பட்டங்கள், வாழ்த்துச் செய்தி. அதற்குள் துறைத் தலைவருடையது: எந்தக் கடிதத்திலும் மாறாத விதிமுறைகள். அதற்கும் உள்ளே, மூன்றே வரியில், பதிவு குமாஸ்தாவுடையது: நாள், நேரம், அறை எண். நோயாளிக்குத் தேவை அந்த மூன்று வரிதான் என்று விவரம் தெரியாதவர்கள் சொல்லக்கூடும்.

முன்பெல்லாம் இயக்குநரின் டெம்ப்ளேட் முதலில் தயாராகும், நடுவில் ஓர் இடம் விட்டு. எல்லாம் முடிந்த பிறகு 'ஃபில்டர்' என்று ஒன்று வந்து கடிதத்தை ஒருமுறை மேய்ந்து, விட்ட இடத்தில் குமாஸ்தாவின் வரிகளைச் செருகி, ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றை வெட்டி, வெளியே அனுப்பும். பத்து வருஷம் அது தன் வேலையைச் செய்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் இரண்டாவது முனைவர் பட்டம் வாங்கித் தொலைத்தார். இனித் தன் பெயருக்கு முன்னால் 'முனைவர் முனைவர்' என்று போடும்படி உத்தரவு. ஃபில்டர் ஒன்றை வெட்டியது.

“என் டாக்டர் பட்டத்துல ஒண்ணக் காணோம். யாரு எடுத்தா?” என்று இயக்குநர் கேட்டார்.

“யாரும் எடுக்கல சார். ஃபில்டர் வெட்டிடுச்சு” என்றார் அரைப்புள்ளி.

“நான் கையெழுத்துப் போட்ட லெட்டர வெட்ட அது யாரு? அதோட பதவி என்ன?”

“பதவின்னு ஒண்ணும் இல்ல சார். கடைசியா வந்து ஒரு தடவ பாக்கும், அவ்வளவுதான்.”

“பதவியே இல்லாதது என்னைத் திருத்துதா?”

அன்று பகலே சுற்றறிக்கை வந்தது: 'இயக்குநருக்குப் பின் கடிதத்தை எதுவும் தொடலாகாது.' ஃபில்டர் அழிக்கப்பட்டது. இரங்கல் கூட்டம் எதுவும் நடக்கவில்லை.

உண்மையில் இதில் ஆபத்து ஒன்றுமில்லை. ஃபில்டர் இல்லாவிட்டால் வரிசையை மாற்றிக்கொண்டால் போதும். குமாஸ்தாவின் வரிகளை முதலில் நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் துறைத் தலைவருடையதில் வைத்து, மொத்தத்தையும் கடைசியில் இயக்குநருடையதில் வைத்துவிடலாம். நிரலில் இரண்டு வரியை இடம் மாற்ற வேண்டும். அரைப்புள்ளி இதைச் சொல்ல உற்சாகமாகக் கூட்டத்துக்குப் போனார். பாவம், அங்கே 'முன்னுரிமை அலுவலர்' இருப்பதை மறந்துவிட்டார். கூட்டங்களில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது, யாருக்கு முதலில் காபி வைப்பது என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அம்மையார் அவர்.

“கொஞ்சம் இருங்க. அப்போ முதல்ல யாரு?”

“குமாஸ்தா டெம்ப்ளேட் மேடம்.”

“டைரக்டர்?”

“கடைசியில மேடம்.”

அறையில் யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள்.

“அது கவர் மாதிரி மேடம்” என்று அரைப்புள்ளி அவசரமாக விளக்கினார். “லெட்டர உள்ள வச்சிட்டுத்தானே கவர ஒட்டுவோம்? கவர முதல்ல ஒட்டிட்டா லெட்டர எங்க வைக்கிறது?”

“கவர்ல யாரு பேரு இருக்கு?” என்று இயக்குநர் கேட்டார்.

“உங்க பேரு சார்.”

“அப்ப அத முதல்ல ஒட்டு.”

தீர்மானம் எண் ஏழு: 'அனைத்து டெம்ப்ளேட்களும் பதவி மூப்பின்படியே நிரப்பப்படும்.' ஒருமனதாக நிறைவேறியது. அரைப்புள்ளியின் மனமும் அந்த ஒருமனதில் அடக்கம்.

பிஹெச்பி சண்டை சச்சரவுக்குப் போகாத மொழி. இன்னும் நிரப்பாத குமாஸ்தாவின் வரிகளைப் போல இல்லாத ஒன்றைக் கேட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போய்விடும். போகிற போக்கில் ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டும். 'இயக்குநரின் கடிதத்தில் எச்சரிக்கையா?' என்று முன்னுரிமை அலுவலர் முகம் சுளித்ததால் அதையும் அணைத்தாயிற்று. மாதிரிக் கடிதம் வந்தது. இரண்டு முனைவர்களும் இருந்தார்கள். படம் இருந்தது. அதன் கீழே:

'அன்புடையீர், தங்கள் அறுவை சிகிச்சை கீழ்க்கண்ட நாளில், கீழ்க்கண்ட நேரத்தில், கீழ்க்கண்ட அறையில் நடைபெறும்.'

பிறகு நான்கு விரற்கடை வெள்ளைக் காகிதம்.

'மேற்கண்ட நாளில் வரத் தவறுவோரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். தங்கள் பார்வையே எங்கள் பார்வை.'

இயக்குநர் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார். “நடுவுல இடம் விட்டது கண்ணுக்கு எதமா இருக்கு. கண்ணாஸ்பத்திரி லெட்டர்னா இப்படித்தான் இருக்கணும்” என்றார். நானூறு கடிதங்களும் தபாலில் சேர்ந்தன.

கடிதம் கிடைத்தவர்கள் போன் செய்தார்கள். விசாரணை கவுன்டரில் பயிற்சி பெற்ற குரல் ஒன்று, “லெட்டர்ல போட்டிருக்கு பாருங்க” என்றது. லெட்டரில் இல்லை என்றவர்களிடம், “கண்ணு சரியாத் தெரியாம இருக்கும், வீட்ல யாரையாவது படிக்கச் சொல்லுங்க” என்றது. நேரில் வந்தவர்களிடம், குறிப்பிட்ட நாளில்தான் வர வேண்டும் என்று கறாராகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு.

பலன் உடனே தெரிந்தது. முதல் மூன்று நாளில் நூற்றிருபது பேர் வரவில்லை. நூற்றிருபது பெயர்களும் நீக்கப்பட்டன. வருஷக்கணக்கில் நீண்டுகொண்டே போன காத்திருப்போர் பட்டியல் வரலாற்றிலேயே முதல் முறையாகக் குறைந்தது. இயக்குநர் பூரித்துப் போனார். பார்வை போனவர்களின் பட்டியலை வேறு ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. அது இவர் தலைவலி இல்லை.

மூன்றாம் நாள் மதியம் அரைப்புள்ளி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அண்ணியிடமிருந்து போன்.

“தம்பி, உங்கண்ணனுக்கு ஆஸ்பத்திரி லெட்டர் வந்திருக்கு. தேதியையே காணோம். நானும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். ஒரு கண்ணு போயாச்சு. இந்தக் கண்ணுலயும் அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கு, இந்த மாசம் விட்டா இதுவும் போயிடும்னு டாக்டர் சொன்னாருல்ல?”

அண்ணன் தையற்காரர். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க மட்டும் அண்ணியைக் கூப்பிட்டு, மிச்ச வேலையைக் கைப்பழக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். தம்பியைப் படிக்க வைத்ததும் அந்தத் தையல் மெஷின்தான்.

அரைப்புள்ளி டப்பாவைத் தள்ளி வைத்தார். கணினியில் தேடினார். எல்லாத் தேதிகளும் அங்கே பத்திரமாக இருந்தன. “நாளை மறுநாள் அண்ணி. வியாழக்கிழமை காலைல எட்டு மணி. நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

“நல்லா இருப்பீங்க தம்பி. நீங்க அங்க இருக்கப் போயித் தப்பிச்சோம்.”

போனை வைத்த பிறகும் திரையில் பட்டியல் அப்படியே திறந்திருந்தது. அண்ணன் பெயர் போக, இன்னும் தேதி தாண்டாத பெயர்கள் இருநூற்றெழுபத்தொன்பது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் போன் நம்பர். அரைப்புள்ளி நிரலைத் திறந்தார். இரண்டு வரியை இடம் மாற்றி இன்றே புதுக் கடிதம் அனுப்பினால் பாதிப் பேரையாவது பிடித்துவிடலாம். விரல் விசைமேல் இருந்தது. அப்போது இயக்குநரின் உதவியாளர் கதவருகே தலையை நீட்டினார்.

“சார் இன்னைக்கு செம மூடுல இருக்காரு. உங்க ஃபைல் உள்ள போயிருக்கு. எதையும் கெளப்பி விட்டுடாதீங்க.”

அரைப்புள்ளி நிரலை மூடினார். சாப்பாட்டு டப்பாவையும் மூடினார். மாலை நான்கு மணிக்கு அவர் நிரந்தர ஊழியரானார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அண்ணனின் கையைப் பிடித்துக் காத்திருப்புக் கூடத்துக்கு அழைத்துப் போனார். நாற்பது நாற்காலிகள். அண்ணன் தட்டித் தடவி ஒன்றில் உட்கார்ந்தார். என்ன ஒரு கவனிப்பு! ஒரு நர்ஸ் தலையணை கொண்டுவந்தார், இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார், மருத்துவரே வெளியே வந்து நலம் விசாரித்தார். அதுவரை அந்த மருத்துவமனை எந்த நோயாளியையும் இவ்வளவு அன்பாக நடத்தியதில்லை.

விதிப்படி தலைமை நர்ஸ் பட்டியலை எடுத்துச் சத்தமாக வாசித்தார். ஒரு பெயர். நிறுத்தினார். யாரும் எழவில்லை. 'வரவில்லை' என்று எழுதினார். அடுத்த பெயர். நிறுத்தினார். எழுதினார். பதினேழாவதாக அண்ணனின் பெயர் வந்தது. அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார். நர்ஸ் சிரித்துவிட்டு மேலே வாசித்தார். இருபத்துமூன்று பெயர்கள் பாக்கி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினார், ஒவ்வொன்றுக்கும் எழுதினார்.

அண்ணன் தம்பி நின்ற பக்கமாகத் தலையைத் திருப்பினார். குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஏன்டா, இவங்க யாருக்குமே தம்பி இல்லையா?”