ஆரியசாலைக்கு வந்த பனி

எந்தச் சாலையும் பாலமும் தரையில் கட்டப்படுவதற்கு முன் கம்ப்யூட்டருக்குள் ஒருமுறை கட்டப்பட வேண்டும் என்பது திருவனந்தபுரத்தில் ஒரு துறையின் கொள்கை. எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை ஆள், என்ன செலவு என்று கணக்குப் போட்டு எஸ்டிமேட் அச்சடித்துத் தருவதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார்கள். காலையில் விவரம் கொடுத்தால் மத்தியானச் சோற்றுக்கு முன் காகிதம் கையில் வந்துவிடும். அதனிடம் இருந்த குறை ஒன்றுதான். மேல் மாடியில் இருந்த வேறொரு துறை அதைவிடப் புதியது ஒன்று வாங்கிவிட்டது.

இந்த அவமானத்தைச் சூப்பரிண்டெண்டிங் எஞ்சினீயர் ஷைலஜா மேடத்தால் தாங்க முடியவில்லை. பொதுமக்கள் நலன் கருதி மதிப்பீட்டு மென்பொருளை உயர்நிலைப் பதிப்புக்கு மேம்படுத்த ஆணை பிறந்தது. தொடக்க விழாவுக்கு மந்திரி வந்தார். ஏசி அறைக்குள் புகை ஆகாது என்பதால் குத்துவிளக்கை வராந்தாவில் ஏற்றி, கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் மட்டும் வைத்தார்கள். அந்த அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக்கூடாது. செருப்புத் தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடிக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. மந்திரியும் வெறுங்காலோடு நின்று பட்டனை அழுத்தினார்.

புதிய பதிப்பின் வாய்க்கு முதலில் அகப்பட்டது ஆரியசாலையில் எங்கள் சந்துக் கலுங்கு. கலுங்கு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஓடைக்குமேல் வண்டி போகிற அளவுக்கு ஒரு சின்னப் பாலம். ஐப்பசி மழையில் அரிசி லாரி ஏறியபோது நடுவில் உடைந்து ஓடைக்குள் உட்கார்ந்துவிட்டது. மறுகரையில் செண்பகவல்லியின் மாவு மில். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த மில் ஒன்றுதான். ஆட்டோ வராத இடத்துக்குப் பச்சரிசியையும் மிளகாயையும் யார் சுமந்துகொண்டு வருவார்கள்? எல்லாரும் சாலைக் கடைத்தெருப் பக்கம் வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள். கலுங்கு சீக்கிரம் வராவிட்டால் மோட்டாரை விற்றுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று அவள் எங்களிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அசிஸ்டெண்ட் எஞ்சினீயர் ராஜையன் பாறசாலைக்காரர், நல்ல மனிதர். கலுங்கு விவரங்களை அவரே கொண்டுபோய் ஆபரேட்டர் லிபினிடம் கொடுத்தார். எல்லாம் விழுங்கிய சாஃப்ட்வேர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டது. வேலை நடக்கும் இடத்தில் எத்தனை அங்குலம் பனி அகற்றப்படும்?

லிபின் சைபர் என்று அடித்தான். ஏற்கவில்லை. காலியாக விட்டான். சிவப்பு எழுத்தில் திட்டியது. இது ஏதோ குளிர் தேசத்தில் செய்தது, அங்கே பனியை அள்ளாமல் குழி தோண்ட முடியாது, அந்தக் கேள்வியை எடுக்க வேண்டுமென்றால் அடுத்த பதிப்புதான் வாங்க வேண்டும் என்று கம்பெனிக்காரன் போனில் சொன்னானாம். ஆறு அங்குலத்துக்குக் குறைந்த பனியை அது பனியாகவே மதிக்கவில்லை. ராஜையன் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு ஆறு போடச் சொன்னார். எஸ்டிமேட் அழகாக வந்து விழுந்தது. கலுங்கு கட்டும் செலவைவிடப் பனி அள்ளும் செலவு கூடுதலாக இருந்தது. காகிதம் வந்த சந்தோஷத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சிக்கல் பிறகுதான் வந்தது. வேலைகள் வரிசைப்படி நடக்க வேண்டும் என்பது சட்டம். முதல் வேலை பனி அகற்றுதல், இரண்டாவது வேலை அஸ்திவாரம். பனியை அகற்றாமல் மண்வெட்டி வைக்க முடியாது. விழாத பனியை அகற்றவும் முடியாது. விளக்கம் கேட்டு வானிலை அலுவலகத்துக்கு எழுதினார்கள். ஆரியசாலைப் பகுதியில் பனிப்பொழிவுக்குத் தற்போது வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. தற்போது என்ற சொல்லின் கீழே ஷைலஜா மேடம் பச்சை மையால் கோடு போட்டு, காத்திருக்கலாம் என்று எழுதினார்.

செண்பகவல்லி அலுவலகத்துக்கு நடந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு நின்றாள்.

"எப்போ சாரே கெட்டித் தருவிய?"

"பனி விழட்டும் அக்கா. விழுந்த ஒடனே தொடங்கிரலாம்," என்றார் ராஜையன்.

"எந்தப் பனி? மேல ஒரு மேகம்கூட இல்லியே."

"அதுதான் நாங்களும் நோக்கிட்டிருக்கோம்."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பரிகாசம் பண்ணுகிறாரோ என்று பார்த்திருப்பாள். பாவம், அவர் பண்ணவில்லை.

"விழிஞ்ஞத்துல மீனுக்குப் போடுற ஐஸ் இருக்குல்லா சாரே. நாலு லோடு கொண்டு தட்டி, வாரிட்டுப் போங்க. பெறகு கலுங்கைக் கெட்டுங்க."

வயிற்றெரிச்சலில் சொன்னாள். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜையன் அதைக் குறித்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினார். செயற்கைப் பனிக்கு விதியில் தடை இல்லை என்று சாயங்காலமே உத்தரவானது.

ஐஸ் வந்தது. உமி ஒட்டிய பாளங்களை உடைத்து ஓடைக்கரை முழுக்கப் பரப்பினார்கள். ஊரிலுள்ள பூனையெல்லாம் மீன் வாசனைக்கு வந்து சேர்ந்தது. ராஜையன் டேப்பை நீட்டி ஆறு அங்குலம் என்று சத்தமாகப் படிப்பதற்குள் நாலு ஆகிவிட்டது, போட்டோக்காரர் வருவதற்குள் ஈரம் மட்டும் மிச்சம். தானாகக் கரைந்தது அகற்றியதாக ஆகாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் சங்கமும் கொடி பிடித்தது. தங்கள் ஆட்கள் செய்ய வேண்டிய வேலையை வெயில் செய்துவிட்டதாம், பார்த்துக்கொண்டு நின்றதற்கு நோக்குகூலி வேண்டுமாம். கொடுத்தார்கள். அதன் பிறகு வாரந்தோறும் ஐஸ் வந்தது. வாரந்தோறும் அளவு பார்க்க யாராவது ஒரு அதிகாரி வர முடியாமல் போனது, அதற்குள் ஐஸ் கரைந்தது.

இதற்குள் விஷயம் கிழக்கேகோட்டை வரை பரவிவிட்டது. ஆரியசாலைக்குப் பனி சாங்ஷன் ஆகியிருக்கிறது, பக்கத்து ஸ்ரீவராகத்துக்கு ஏன் இல்லை? அக்ரகாரத்து அனந்தலக்ஷ்மி மாமி தலைமையில் மனு போனது. கோவில் பக்கத்து ஜனங்கள் அந்நிய தேசத்தவரா என்று அதில் கேட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் தர்ணா நடந்தது. பனி விநியோகத்தில் பாரபட்சம் என்று சுவரெல்லாம் போஸ்டர். யாருக்கும் பனியால் என்ன பிரயோஜனம் என்று தெரியாது. பக்கத்துத் தெருவுக்குக் கிடைக்கிறது என்பது தெரியும், போதாதா?

நாங்கள் சும்மா இருப்போமா? ஆரியசாலை பனி பாதுகாப்பு ஆக்ஷன் கவுன்சில் அமைத்தோம். பனிக்கு முதலில் வழி சொன்னவள் என்ற மரியாதைக்குச் செண்பகவல்லியைத் தலைவியாக்கினோம். மாலை போட்டோம். பேப்பரில் அவள் போட்டோ வந்தது. மாவு மில்காரி என்று கூப்பிட்டவர்களெல்லாம் பிரசிடெண்ட் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் அழுவது நின்றது. கலுங்கைப் பற்றிப் பேசுவதும் கொஞ்சம் குறைந்தது.

கடைசியில் ஷைலஜா மேடமே நேரில் சமரசத்துக்கு வந்தார். சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தனி உத்தரவு ஒன்று வாங்கியிருக்கிறாராம். ஆரியசாலை எஸ்டிமேட்டிலிருந்து பனியை எடுத்து ஸ்ரீவராகத்துக்கு மாற்றிவிடலாம், அப்படியானால் நாளைக் காலையிலேயே கலுங்கு வேலை தொடங்கும். தலைவி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

எல்லாரும் செண்பகவல்லியைப் பார்த்தோம். ராஜையன் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். போட்டுவிடு அக்கா என்று அவர் கண் கெஞ்சியது.

அவள் பேனாவை வாங்கவில்லை.

"கலுங்கு இல்லாம இத்தன நாளு கெடந்தாச்சு சாரே. இனியும் கெடந்துக்கலாம். கிட்டின பனிய ஸ்ரீவராகத்துக்காரங்களுக்கு விட்டுக்குடுத்தா, பெறகு எங்கள யாரு மதிப்பா?"

கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. என் உள்ளங்கை சிவந்துவிட்டது.

அடுத்த வாரம் மில் மோட்டாரை விற்றாள். வாங்கினவனின் வண்டி மில் இருந்த கரைக்கு வர வழியில்லை. ஆக்ஷன் கவுன்சில் அங்கத்தினர்கள் நாங்களே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினோம். கரையெல்லாம் அந்த வாரத்துப் பனி பரப்பிக் கிடந்தது. யாரும் மிதித்து அளவைக் குறைத்துவிடக் கூடாது என்று பிரசிடெண்ட் முன்னால் நின்று எங்களைச் சுற்றிப் போகச் சொன்னாள்.