எழுத்துக்கல்லும் படித்த நாயும்

அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டம் முண்டியடித்தது. பிள்ளையை விட வந்த கூட்டமில்லை. கல் வாங்க வந்த கூட்டம். கோலிக்குண்டு அளவில் நீலக் கல். பெயர் எழுத்துக்கல். அதை நெற்றியில் தேய்த்தால் மூளைக்குள் எழுத்து தானாக ஊறுமாம். பால்பல் விழாத பிள்ளைகூடப் பத்திரிகை படிக்குமாம். அப்படிச் சொன்னவர் அட்சரானந்தர் என்ற சாமியார். நம்பியவர்களில் வக்கீல் உண்டு, எஞ்சினியர் உண்டு, சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டிய பல் டாக்டரும் உண்டு. தாங்கள் எந்தக் கல்லைத் தேய்த்துப் பட்டம் வாங்கினோம் என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை!

ஆதாரமில்லாமலா நம்பினார்கள்? இருந்ததே. அட்சரானந்தரின் தங்கை மகள், நான்கு வயதுச் சிறுமி. தரையில் சொற்கள் எழுதிய அட்டைகளை வரிசையாகப் பரப்புவார்கள். பூனை, குடை, பந்து, கதவு. கூட்டத்தில் யாராவது ஒரு சொல்லைக் கேட்பார்கள். சிறுமி வரிசை நெடுக நடப்பாள். அட்சரானந்தர் பின்னால் நின்று, அரைக்கண் மூடி, "ம்ம்ம்ம்" என்று தெய்வீகமாக முனகுவார். சிறுமி சரியான அட்டையை எடுத்து நீட்டுவாள். கைதட்டலில் கூரை அதிரும்.

காப்பகத்தின் மூலையில் ஓர் அலமாரி இருந்தது. ஓரமெல்லாம் பிள்ளைகள் கடித்துவைத்த படப் புத்தகங்கள். மதியத் தூக்கத்துக்கு முன் டீச்சர் ஒன்றை எடுத்து வாசிப்பார். பிள்ளைகள் அவர்மேல் சாய்ந்து, ஏறி, பக்கத்தைப் புரட்டச் சண்டை போடுவார்கள். அட்சரானந்தர் அதைக் கண்டு முகம் சுளித்தார். "கதை கேட்டா எழுத்துச் சக்தி சிதறிடும்." அவ்வளவுதான், நிர்வாகி அம்மா அலமாரியைப் பூட்டிவிட்டார். கதை நேரத்தில் பிள்ளைகள் நெற்றியில் கல்லை அழுத்திக்கொண்டு சிலைபோல உட்கார்ந்தார்கள். அப்படியும் எழுத்து வராத பிள்ளைக்குத் தலையில் அடைப்பாம். அடைப்பை நீக்கப் பெரிய கல். பெரிய கல்லுக்குப் பெரிய விலை என்று சொல்லவும் வேண்டுமா?

அடைப்புப் பட்டம் பெற்றவர்களில் ஒருத்திக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். நாள் முழுக்கக் கேள்வி கேட்டு அம்மாவைத் துளைப்பவள். சில நாட்களாக வாயே திறக்கவில்லை.

"என்னடி செல்லம், வாய்க்குப் பூட்டா?"

"எனக்குத் தலைல அடைப்பாம்மா. நான் மக்காம்." உதடு பிதுங்கியது. "கரடிக் கதையையும் பூட்டிட்டாங்க."

அம்மா விடவில்லை. மறுநாளே காப்பகத்துக்குப் போய்க் கேட்டார்.

"உங்க பொண்ணு பின்தங்கிடப் போறா, பாத்துக்குங்க" என்றார் நிர்வாகி அம்மா.

"நாலு வயசுல எதுலங்க பின்தங்குறது? ஓட்டப்பந்தயமா நடக்குது?"

"வித்தையை ஒரு தடவை பாருங்க. அப்புறம் பேசுங்க."

பார்த்தார். ஊரே சிறுமியைப் பார்த்தது. இவர் மட்டும் அட்சரானந்தரைப் பார்த்தார். தொழில் பழக்கம். நாய்களைப் பழக்குவது அவர் வேலை. நாய் வித்தை காட்டினால் அவர் நாயைப் பார்க்க மாட்டார், கூட நிற்கும் ஆளைத்தான் பார்ப்பார். வீட்டுக்குப் போய்த் தன் நாய் தடியனுடன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த காட்சியன்று காப்பகக் கூடம் பிதுங்கி வழிந்தது. சிறுமி குடையை எடுத்தாள், கதவை எடுத்தாள். ஆரவாரம் அடங்கியதும் அம்மா தடியனை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாமி, என் நாயும் படிக்கும்."

கூடம் சிரித்தது. "சரி, 'பந்து' எடுக்கட்டும் பாப்போம்!" என்று கத்தினார் பல் டாக்டர்.

அம்மா பின்னால் நின்று "ம்ம்ம்ம்" என்று முனகினார். தடியன் வரிசையை முகர்ந்துகொண்டே நடந்தது, நின்றது, ஓர் அட்டையைக் கவ்வியது. பந்து! பூனை கேட்டார்கள். பூனையையும் பகை பாராட்டாமல் கவ்வி வந்தது.

இனியாவது கூட்டத்துக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததா?

"பாத்தீங்களா கல்லோட மகிமையை! வாயில்லா ஜீவனுக்கே எழுத்து வருது!" என்று முழங்கினார் அட்சரானந்தர். கூட்டம் மெய்சிலிர்த்தது. வக்கீல் முன்னால் பாய்ந்தார். "சாமி, எங்க வீட்ல ரெண்டு கிளி இருக்கு. சின்ன சைஸ் கல் கிடைக்குமா?"

"கொஞ்சம் பொறுங்க வக்கீல் சார்" என்றார் அம்மா. "இதுக்கு நான் கல்லே தேய்க்கல. சோப்புதான் தேய்ச்சேன். என் நாய்க்கு 'அ'கூடத் தெரியாது. நான் முனகுறதை நிறுத்துன இடத்துல நிக்கும், அங்க கிடக்குறதைக் கவ்வும். சாமியும் அதைத்தான் செய்றாரு. சந்தேகம்னா, அவரை வாய் நிறையத் தண்ணி ஊத்திக்கிட்டு முழுங்காம, முனகாம நிக்கச் சொல்லுங்க. பாப்பா படிக்கட்டும்."

"முனகல் இல்லாம அதிர்வு வராதே" என்று இழுத்தார் அட்சரானந்தர்.

பல் டாக்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "படிக்கிறது பாப்பாவா, நீங்களா?"

வேறு வழியில்லை. அட்சரானந்தர் கன்னம் உப்பத் தண்ணீரோடு நின்றார். "குடை" என்றார்கள். சிறுமி வரிசையின் கடைசிவரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். குடையை மூன்று தரம் தாண்டினாள். கண் கலங்கத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, எங்க நிக்கணும்?"

மாமாவுக்குப் புரையேறியது. பீய்ச்சிய தண்ணீர் வக்கீலின் சட்டையை நனைத்தது. பிறகு கூடத்தில் எழுந்த சத்தத்தில் எந்த முனகலும் கேட்டிருக்காது. எல்லாரும் கல்லை வீசியெறிந்துவிட்டுக் காசைக் கேட்டு அட்சரானந்தரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அம்மா அந்தச் சிறுமியிடம் போய்க் குனிந்தார். "நீ ஒரு தப்பும் பண்ணலடா. உனக்கு யாராவது கதை படிச்சுக் காட்டியிருக்காங்களா?" சிறுமி இல்லை என்று தலையாட்டினாள்.

நிர்வாகி அம்மா தலையைக் குனிந்தபடி அலமாரியைத் திறந்தார். டீச்சர் உட்கார்ந்ததுதான் தாமதம், பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். சிறுமி தள்ளி நின்றாள். வாயாடி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "கரடி ஏன் அழுவுதுன்னு தெரியுமா உனக்கு? நான் சொல்றேன்!" பழைய வாய் திரும்பிவிட்டது.

படிக்கத் தெரியாத பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை ஐயா. மடியில் வைத்து வாசித்துக் காட்டினால், பேச்சுக் கொடுத்தால், தானாகக் கற்றுக்கொள்ளும். படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, யோசிப்பதற்கு மட்டும் சாமியார் வைத்திருக்கிறீர்களே, உங்களை எந்தக் காப்பகத்தில் சேர்ப்பது?