ரகசியம் எண் ஏழு

எங்கள் நீடர்வால்ம் நகராட்சியில் தனிமனித ரகசியத்தைக் காப்பதற்கென்றே ஓர் அதிகாரி உண்டு. பெயர் ஹெர் ப்ரோமல்; எங்கள் ஊரில் ஹெர் என்றால் திரு, ஃப்ராவ் என்றால் திருமதி. செல்போனில் நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கீபோர்டு செயலி எங்கேயோ அனுப்பிவிடுகிறது என்று ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமையே சுற்றறிக்கை: "ஊழியர்கள் அனைவரும், தாங்கள் இதுவரை கீபோர்டில் தட்டியவற்றுள் பிறர் அறியக்கூடாதவை எவை என்பதை மூன்று பிரதிகளில் எழுதிச் சமர்ப்பிக்க வேண்டியது."

ஆபீசில் என் பக்கத்து மேஜை கெசீனே லோசேவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அறுவடை விழாவில் ஆறு வருடமாக பிளம்ஸ் கேக்குக்குத் தங்கப் பதக்கம் வாங்குகிறவள். வரும் ஞாயிறு ஏழாவது.

"எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் அது என்னங்க ரகசியம்?" என்று நேரே போய்க் கேட்டாள்.

"ஃப்ராவ் லோசே, உங்க ரகசியம் என்னன்னே தெரியாம நான் எப்படிங்க அதைக் காப்பாத்துறது?"

நியாயம்தானே! எழுதிக் கொடுத்தாள்.

புதன்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் தொங்கியது.

"ஐயோ, இதை எதுக்குங்க வெளியில ஒட்டினீங்க?"

"எந்தப் பதிவேட்டையும் பதினாலு நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும். விதி அப்படி. பயப்படாதீங்க, உங்க பேரைக் கறுப்பு மையால அழிச்சாச்சு."

அழித்துத்தான் இருந்தார். "ரகசியம் எண் 7: ஆறு வருடமாகத் தங்கப் பதக்கம் பெறும் ■■■■■ அவர்களின் பிளம்ஸ் கேக், சூப்பர் மார்க்கெட் உறைபெட்டியில் வாங்கியது."

உடனே மனைவிக்குச் செய்தி அனுப்பப் போனேன். "கெசீனே கேக்" என்றதுமே "கடையில் வாங்கியது" என்று கீபோர்டே முடித்துக் கொடுத்தது. பாவம், அதற்குப் பழகிவிட்டது. ஆறு வருடமாக ஊரே இதைத்தானே தட்டிக்கொண்டிருக்கிறது!

"எல்லாருக்கும் தெரியுமா?" கெசீனே அழுதேவிட்டாள். "பின்ன ஏன்யா ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா வெள்ளிக்கிழமைதோறும் ஆபீசுக்குக் கேக் யாரு கொண்டு வருவா?" என்றேன்.

"அப்போ பதக்கம் கிடைக்கும்தானே?"

ப்ரோமல் கனைத்துக்கொண்டார். "நேத்து வரைக்கும் அது வெறும் ஊர் வம்பு, ஃப்ராவ் லோசே. இன்னைக்கு ஆவணம். ஆவணத்தை எப்படிங்க கண்டுக்காம விடறது?"

ஞாயிற்றுக்கிழமை தங்கப் பதக்கம், வழக்கமாக இரண்டாவதாக வரும், நம் அதிகாரியின் மனைவி ஃப்ராவ் ப்ரோமலுக்குப் போனது. அவருடைய கேக்கும் அதே உறைபெட்டியில் வாங்கியதுதான். சனிக்கிழமை கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றதே அந்த அம்மாதான். ஆனால் அவர் வைத்திருப்பது பழைய பட்டன் போன். எதையும் எங்கேயும் எழுதாதவர், எந்தப் பதிவேட்டிலும் ஏறமாட்டார்.

கெசீனே மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம்.

மூன்றாவதாக வரும் எனக்கு இந்த வருடம் வெள்ளி. சனிக்கிழமை அந்தக் கடை வரிசையில் என் கையிலும் அதே டப்பாதான். அதை என் பட்டியலில் எழுதினேனா என்று மட்டும் கேட்காதீர்கள். அது என் தனிமனித ரகசியம்.